தறிக்குழியில் ஒளிந்த அண்ணன்

1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அப்பாவின் ஜவுளிக்கடையும் அதில் போயிற்று. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் இருந்ததும் காகிதமானது. அதன்பின் கப்பல்தான். சென்னையில் இறங்கி, மதுரைக்கு ரயில் ஏறினோம். 'சொந்த ஊர்' என்று தாளில் எழுதியிருந்தது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா சின்ன வயதில் விட்டுப்போன ஊர். எங்களைத் தெரியும் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. மதுரைச் செல்லூரில், பல வீடுகள் சேர்ந்த ஒரு வளவில் வாடகைக்குக் குடியேறினோம்.

வளவில் எங்களுக்குப் 'பர்மாக்கார வீடு' என்று பெயர். அம்மா கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசுவதையும், மீன் போட்டு மொய்ங்கா என்ற நூடுல்ஸ் குழம்பு காய்ச்சுவதையும் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வாசலில் நிற்கும். உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாட்டிலிருந்து வந்த அம்மா, ரேஷன் கடையில் பையோடு வரிசையில் நின்றாள். சில வாரம் கோதுமைதான் கிடைக்கும். அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது; பக்கத்து வீட்டு அக்கா உப்புமா கிண்டச் சொல்லிக்கொடுத்தாள். (இன்றும் எனக்கு உப்புமா ஆகாது.)

அண்ணனுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். அங்கே படித்ததெல்லாம் பர்மிய மொழியில். பதினாறு வயதில் அவனை எட்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். வீட்டில் பேசிய தமிழ் வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை. ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒன்று.

அப்படிப்பட்டவன்தான் 1965 ஜனவரியில் 'தமிழ் வாழ்க' தட்டி பிடிக்கப் போனான். அந்தக் குடியரசு நாளிலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி ஏற்றச் சொல்லியிருந்தார்கள். பர்மியப் பெண்கள் கட்டும் கைலியில் இடுப்புப் பட்டை கறுப்புத் துணியாக இருக்கும். அம்மாவின் பழைய கைலி ஒன்றில் அதைக் கிழித்துக் கம்பில் கட்டினான்.

அப்பா பிடுங்கி எறிந்தார். "எங்க நாடு, எங்க பாஷைன்னு தெருவுல சத்தம் கேட்டா அடுத்து என்ன நடக்கும்னு பாத்துட்டுத்தான்டா வந்திருக்கேன்."

"அங்க நம்மள வெளியே போகச் சொன்னாங்க. இங்க கத்துறதே நாமதானப்பா."

இதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கு இன்றைக்கும் அப்பா பக்கம்தான் பாதி நியாயம் தெரிகிறது.

ஜனவரி 25 அன்று மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் கைகலப்பாகி, மதுரையில் பற்றிய கலவரம் மாநிலம் முழுக்கப் பரவியது. சட்டை கிழிந்து ஓடிவந்த அண்ணனைப் பக்கத்து வீட்டு நெசவுக்காரர் தன் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே பாவு நூலை விரித்துவிட்டார். போலீஸ் வளவுக்குள் வந்து கேட்டபோது அவர் சொன்னது, "இங்க எல்லாம் நம்ம பிள்ளைங்கதாங்கய்யா, யாரும் எங்கயும் போகல." அதுவரை எங்களோடு அதிகம் பேசாத மனுஷர். அதற்குப் பிறகு அண்ணனைக் கேட்காமல் வளவில் எதுவும் நடக்காது. கோயில் வரி வசூலா, கூப்பிடு அவனை. அப்பாவுக்குக் கடை வைக்க இடம் பிடித்துக்கொடுத்ததும் அந்த நெசவுக்காரர்தான்.

1967-இல் அப்பா முதல்முறையாக ஓட்டுப் போட்டார். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அண்ணன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று பேசியவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். மே மாதம் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது, சென்னையிலும் கோவையிலும். அம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "கலவரம் ஆரம்பிச்சது நம்ம ஊருல. அரிசி மட்டும் அந்த ஊருக்கா? போய்க் கேளுடா உங்க ஆளுங்கள."