40 பக்க நோட்டில் தொடங்கிய வேலை தேடல்

2011 டிசம்பர் 30 அன்று காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, சிப்காட் வளாகத்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் பதினோராவது ஆண்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைத் தகடுகள் பறந்து, மின்பலகைகளில் தண்ணீர் ஏறி நின்றுபோன உற்பத்தியை நிர்வாகம் பிறகு தொடங்கவே இல்லை. பொங்கல் முடிந்ததும் கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து; இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நான்கு மாதங்கள் நான் வேலை தேடியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டாவை 60 நகல் எடுத்து, கண்ணில் பட்ட முகவரிக்கெல்லாம் தபாலில் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தந்தை பெயர், பிறந்த தேதி, தெரிந்த மொழிகள் என்று ஒரு பக்கம் நிறைந்திருந்த அந்தத் தாளில், என் தொழிலைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: 'மெயின்டனன்ஸ் ஃபிட்டர், 11 ஆண்டு அனுபவம்.'

எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் தற்செயலாகச் சந்தித்தேன். டீக்கடை பெஞ்சில் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, மெயின்டனன்ஸ்ங்கறது டிபார்ட்மென்ட் பேரு. உன் கையால நீ என்ன செஞ்ச? அது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே மகளுடைய 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. மூன்றாம் நாள்தான் நினைவு ஓடத் தொடங்கியது. சென்ட்ரிஃப்யூகல் பம்புகளில், சுழலும் தண்டின் ஓரம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றியது. மாற்றிய பின் பம்பின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துக் கப்ளிங் அலைன்மென்ட் பார்த்தது. கண்ணாடிப் பூச்சு கொண்ட ரியாக்டரின் (இரசாயனங்களை வினைபுரிய வைக்கும் கலனின்) மேன்ஹோல் மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றும்போது, போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக டார்க் ரென்ச்சால் இறுக்கியது, ஏனெனில் ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் கண்ணாடிப் பூச்சில் விரிசல் விழுந்துவிடும். இப்படிப் பதினேழு பக்கம் எழுதிய பிறகுதான், யாரிடம் போய் வேலை கேட்க வேண்டும் என்பதே எனக்குப் புரிந்தது. இதே பம்பும் இதே ரியாக்டரும் வேறு எங்கெங்கே ஓடுகின்றனவோ, அங்கெல்லாம் எனக்கு வேலை இருக்க வாய்ப்புண்டு.

ஆண்டுதோறும் தொழிற்சாலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நாட்களில் ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள் தட்டுப்பாடு இருக்கும். அந்தப் பெரியவர் சொல்லிவிட்டதன் பேரில், முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இருபது நாள் வேலைக்குப் போனேன். நோட்டில் எழுதியிருந்ததை அங்கே செய்து காட்ட வாய்ப்புக் கிடைத்தது. இருபது நாள் முடிந்தபோது அவர்களே நிரந்தரப் பணிக்கு அழைத்தார்கள். இன்று அதே இடத்தில் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்துகொண்டு, ஆள் எடுக்கும் நாட்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னால் வரும் பயோடேட்டாக்களில் பெரும்பாலானவை, நான் அன்று 60 நகல் எடுத்த அதே தாளாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

சென்ற ஆண்டு பாகூர்ப் பக்கத்திலிருந்து இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்த ஒரு பெண் வந்திருந்தார். அனுபவம் என்று சொல்ல ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சிதான். ஆனால் பயிற்சியில் தாம் கழற்றிப் பூட்டிய ஒரு கன்ட்ரோல் வால்வைப் பற்றிக் கேட்டவுடன் தாளை வாங்கி வரைந்து, காற்றழுத்தம் எவ்வழி வருகிறது, ஸ்பிரிங் எங்கே திருப்பித் தள்ளுகிறது, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பொசிஷனரை எப்படிச் சரிபார்த்தார் என்று கால்மணி நேரம் விளக்கினார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

புதிதாகப் படித்து முடித்தவர்கள் அப்ரென்டிஸ் பயிற்சியை இரண்டாம்பட்சமாக நினைப்பது பெரிய இழப்பு. 1961 ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே வாயிலில் நின்று 'வேலை இருக்கிறதா' என்று கேட்பதைவிட, 'அப்ரென்டிஸ் இடம் இருக்கிறதா' என்று கேட்டால் உள்ளே போகும் வழி எளிதாகத் திறக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அவசியம்தான், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறவாமல் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் பதிந்துவிட்டால் தேடல் முடிந்துவிட்டதாக இருந்துவிடக் கூடாது. அந்த அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு நேரில் போக வேண்டும். கடலூர்க்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: முள்ளோடைக்கு அப்பால் வேறு அரசாங்கம் என்பதால் அரசுப் பணிக்கான பதிவும் விதிகளும் அங்கே வேறு, ஆனால் தனியார் தொழிற்சாலைகளுக்கு அந்த எல்லை ஒரு தடையே இல்லை.

மனிதவளப் பிரிவினரைப் பார்க்கப் போகும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. சம்பளக் கணக்கை முடித்து, 15 ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகளைக் கட்டியாக வேண்டும் என்பதால் மாதத்தின் முதல் பாதியில் அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதற்குப் பிந்திய நாட்களில், காலைப் பரபரப்பு ஓய்ந்த பிறகு போனால் நின்று பேசுவார்கள்.

முந்தைய வேலையிலிருந்து வெளியேறியவர்கள் தங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) கணக்கில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து இப்போது நாமே இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம். வேலைக்கு முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள். சரிபார்த்து முடித்ததும் அன்றே, அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.