அந்த ஒரு காட்சியைக் காட்டியிருக்கக் கூடாது

ப்ராஜெக்ட் ஹெயில் மேரி எண்ட ஆங்கிலப் படத்தின்ர ட்ரெய்லர் வந்ததில இருந்து, அதில ஒரு காட்சியைக் காட்டினது சரியோ பிழையோ எண்டு எங்கட பெடியள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கினம். நான், படத்தின்ர மூல நாவலை வாசிச்சிட்டுப் பிழை எண்டு சொல்ற ஆக்களின்ர பக்கம்.

நாவல் ஆண்டி வியர் எழுதி 2021 இல வந்தது. ஒருத்தன் விண்கலத்தில கண் முழிக்கிறான், தன்ர பேர்கூட ஞாபகமில்லை. சூரியன் மங்கிக்கொண்டு போகுது, அதுக்கு வழி தேடித்தான் கிட்டத்தட்ட 12 ஒளியாண்டு தள்ளி இருக்கிற டௌ செட்டி நட்சத்திரத்துக்கு வந்திருக்கிறான் எண்டதை அவனோட சேர்ந்து நாங்களும் துண்டு துண்டாக் கண்டுபிடிக்கிறம். பிறகு ஒரு சந்திப்பு வரும், ஆரோட எண்டு நான் சொல்லமாட்டன். அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரையே வரேல்லை. 2025 ஜூன் 30 இல வந்த முதல் ட்ரெய்லர் அந்தச் சந்திப்பையே காட்டிப்போட்டுது.

பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில மச்சான் ஃபோனை நிப்பாட்டி நிப்பாட்டி அந்த இடத்தைக் காட்டினான். "உதைக் காட்டாட்டி ஆரடா தியேட்டருக்கு வருவான்? ஹீரோ ரையன் கொஸ்லிங் தனிய மிதக்கிறதைப் பாக்கவோ?" எண்டு கேக்கிறான். அவன் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. கதையின்ர உயிரே அதுதான், ஒளிச்சு வைச்சு விளம்பரம் செய்யிறது லேசில்லை. எண்டாலும் எனக்கு மனம் ஆறேல்லை. பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு சேர் உலகத்தைக் காப்பாத்தப் போறார் எண்டதே காணும், நான் முதல் நாளே போயிருப்பன்.

2026 மார்ச் 20 வெளியீடு. நாவல் வாசிக்காத ஆக்கள் இனி ஒரு ட்ரெய்லரும் பாக்காதேங்கோ. புத்தகம் என்னட்ட இருக்கு. கிளிநொச்சிப் பக்கம் எண்டா கேளுங்கோ, தாறன்.