உவர்க் கிணற்றடியில் செவ்வரத்தை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவுக்கு ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். மண் என்று நாங்கள் சொல்வதெல்லாம் மணல்தான். ஒரு சாண் கிண்டினால் சிப்பி ஓடு வரும். இந்த மணலில் செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி, வளர்க்கப்போகிறேன் என்றதும் அம்மா சிரித்தார். வேலியோரத்தில் யாரும் திரும்பிப் பாராமலே பூக்கிற செடிக்கு வளர்ப்பு எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஆனால் நான் ஆசைப்பட்டது அந்த வேலிச் சிவப்பை அல்ல. 2024 மே மாதம் பூங்கன்று விற்கும் ஓரிடத்தில் தோடம்பழ நிறத்தில், நடுவில் குங்குமம் அப்பியதுபோல், உள்ளங்கையை விடப் பெரிய பூவொன்றைக் கண்டேன். ஒட்டுக் கன்று, விலை 1,200 ரூபாய். வாங்கிவந்து கிணற்றடியில் நட்டேன்.

அதே கிழமை பக்கத்து வீட்டு மாமியின் வேலியில் பன்னிரண்டு தடிகள் வெட்டி ஊன்றினேன். செலவில்லாத ஆசைதானே. பத்துத் தடிகள் பதினைந்து நாளில் விறகாகிவிட்டன. "கச்சான் காற்றில் தடி ஊன்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், பிள்ளை" என்றார் மாமி. மேற்கிலிருந்து அனல்போல் வரும் அந்தக் காற்றில், வேர் இல்லாத தடி இலை வழியாகத் தன் ஈரத்தையெல்லாம் இழந்துவிடும். நானோ இலைகளை அழகுக்காக அப்படியே விட்டிருந்தேன்.

ஒக்டோபரில் முதல் மழை விழுந்த பிறகு மறுபடி முயன்றேன். இந்த முறை பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மிக இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் தடிகளைத் தேர்ந்தேன். கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கினேன். சாடிக்குக் காசு கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் எருமைத் தயிர் வாங்காத வீடு குறைவு. வெறும் தயிர்ச் சட்டிகள் கோடியில் குவிந்து கிடந்தன. அவற்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆணியால் மெதுவாகத் தட்டி அடியில் துளை போட்டேன். அவசரப்பட்டதில் மூன்று உடைந்தன. பாதி மணல், பாதி தும்புத்தூள், மாமரத்து நிழல். ஆறு கிழமை கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தபோது தடி அசையவில்லை. பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. மாமியின் வேலிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒட்டுக் கன்றின் கதை வேறு. ஓகஸ்டில் அதன் இலை விளிம்புகள் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மோட்டாரைப் போட்டு இன்னும் ஊற்றினேன். அது இன்னும் கருகியது. எங்கள் பக்கக் கிணறுகளில் நன்னீர், உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. வெயில் காலத்தில் மோட்டாரால் இழுத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறிவிடும். காலையில் வாளியால் அள்ளும் தண்ணீருக்கும், அரை மணி நேரம் மோட்டார் ஓடியபின் வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் நாக்கிலேயே தெரிகிறது. நான் செடிக்கு உப்பு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு குருத்திலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சிப்பி கலந்த மணலில் சுண்ணாம்புத்தன்மை மிகுதி. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு, பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றினேன். நவம்பர் தொடக்கத்தில் புதுக்குருத்து பச்சையாக வந்தது. மகிழ்ச்சி மூன்று கிழமைதான். அந்த மாத இறுதியில் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. எங்கள் கிணற்றடியிலும் மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. தயிர்ச் சட்டிகளைத் தூக்கித் திண்ணையில் வைத்தேன். நிலத்தில் நட்டதைத் தூக்க முடியுமா? அது இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நின்றது.

மார்கழி முடிய அடித்தண்டிலிருந்து துளிர் வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெப்ரவரியில் காய்ந்த மேற்கிளைகளை வெட்டிவிட்டேன். செவ்வரத்தைக்குப் புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வரும். வெட்டத் தயங்கினால் உயரம்தான் கிடைக்கும்.

மார்ச்சில் மாவுப் பூச்சி. அது என் முட்டாள்தனம். செவ்வரத்தைக்குப் பக்கத்திலேயே வெண்டி போட்டிருந்தேன். இரண்டும் ஒரே குடும்பம். பருத்தி, பூவரசு, வேலியடியில் முளைக்கிற துத்தி எல்லாமே அந்தக் குடும்பம்தான். பூவின் நடுவில் கேசரங்கள் ஒன்றாகச் சேர்ந்து குழாய்போல் நீண்டு நிற்பதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். உறவென்றால் நோயும் பூச்சியும் வீடு மாறும். முதலில் கவனிக்க வேண்டியது எறும்பைத்தான். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக அது காவலுக்கு நிற்கும். மொய்த்திருந்த நுனிகளை நறுக்கி எரித்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவுக்காரக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி கிழமைக்கொரு தடவை தெளித்தேன். நான்காம் தடவையில் அடங்கியது. வெண்டியை வளவின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். துத்தியைப் பிடுங்க மனம் வரவில்லை. செவ்வரத்தை காலையில் விரிகிறது என்றால், துத்தி பின்னேரம் மஞ்சளாக விரிகிறது. தேநீர் நேரத்துப் பூ.

வாவிக்கரைப் பூவரசுகளைப் பார்த்தால் எனக்கு இப்போது பொறாமை வருகிறது. அதே குடும்பம், அதே உவர், யாரும் எருப் போடுவதில்லை. காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவந்துகொண்டு போகிறது.

2025 ஜூலை. தயிர்ச் சட்டியிலிருந்து நிலத்துக்கு மாற்றிய எட்டுச் செடிகளிலும் தினம் பத்துப் பூவுக்குக் குறைவில்லை. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். வாடும் முன்பே அம்மா பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார். வாளித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

ஒட்டுக் கன்றிலும் சென்ற கிழமை முதலாவது மொட்டு விரிந்தது. விடியமுன் எழுந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு. மாமியின் வேலிச் சிவப்பேதான். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபத்தோடு குந்தியிருந்து அடித்தண்டை ஆராய்ந்தபோது விடயம் விளங்கியது. ஒட்டுப்போட்ட இடத்து முடிச்சுக்கு மேலே இருந்ததெல்லாம் வெள்ளத்தோடு செத்துவிட்டது. நான் கூப்பிட்டுக் காட்டிய துளிர், முடிச்சுக்குக் கீழே அடிமரத்திலிருந்து வந்தது. அடிமரம் சாதாரணச் சிவப்புச் செவ்வரத்தை.

அம்மா அந்தப் பூவையும் பறித்துத் தட்டில் வைத்தார். "இது 1,200 ரூபாய்ப் பூ, தனியாக வையுங்கள்" என்றேன். மற்றப் பூக்களோடு கலந்துவிட்டது, எது என்று அவருக்கும் தெரியவில்லை.