கீஃப்ரேம் வைப்பது சுலபம், நடுவில் நடப்பதுதான் வேலை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் கீஃப்ரேம் (இந்த ஃப்ரேமில் பொருள் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு) வைக்கப் பழகுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. பொசிஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப்வாட்சை கிளிக் செய்து, டைம்லைனில் கொஞ்சம் தள்ளிப் போய் லேயரை, அதாவது நாம் அசைக்கும் படத்தை, நகர்த்தினால் அடுத்த கீஃப்ரேம் தானாக விழுந்துவிடும், இடையில் உள்ள ஃப்ரேம்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். கையால் வரைந்த காலத்தில் முக்கியமான போஸ்களை மூத்த அனிமேட்டர் வரைவார், நடுவில் வருவதை வரைய இன்பிட்வீனர் என்று தனி ஆள் இருப்பார். அந்த ஆளின் வேலையை இப்போது கணினி செய்கிறது, ஆனால் அவருக்கு இருந்த கண் அதற்குக் கிடையாது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும்.

டிஸ்னி அனிமேட்டர்கள் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிவைத்த 12 அனிமேஷன் கொள்கைகளை எல்லா டுடோரியலிலும் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஆரம்பத்திலேயே பன்னிரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு பந்தைத் துள்ளவிட்டுப் பாருங்கள், போதும்.

முதலில் பொசிஷனை ரைட் கிளிக் செய்து செபரேட் டைமன்ஷன்ஸ் கொடுத்துவிடுங்கள், பக்கவாட்டு நகர்வும் (எக்ஸ்) மேல்கீழ் நகர்வும் (ஒய்) தனித்தனியாகப் பிரிந்துவிடும். எக்ஸ் பாட்டுக்கு நேர்க்கோடாகப் போகட்டும், நமக்கு வேலை ஒய்-யில்தான். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் பந்து கீழே விழ 12 ஃப்ரேம் எடுக்கிறது என்றால், 6-வது ஃப்ரேமில் அது பாதி தூரம் வந்திருக்காது, கால்வாசிதான் வந்திருக்கும். மீதி முக்கால்வாசியும் கடைசி 6 ஃப்ரேமில். நகர்வை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் உச்சியில் வளைவு உருண்டையாகவும் தரையில் ஊசி முனை மாதிரி கூராகவும் இருக்க வேண்டும். எல்லா கீஃப்ரேமையும் செலக்ட் செய்து எஃப்9 அடித்து ஈஸி ஈஸ் (கீஃப்ரேமுக்கு வரும்போதும் அதைவிட்டுப் போகும்போதும் வேகத்தைக் குறைப்பது) போடும் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடும்: தரைக்கு வரும்போதும் பந்து வேகம் குறைந்து, காற்றடைத்த பலூன் போல மெல்ல வந்து உட்காரும். ஈஸ் உச்சிக்கு மட்டும்.

அப்புறம், ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் குறைவது எல்லோருக்கும் தெரியும், நேரமும் குறைய வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உயரம் பாதியானால் நேரம் ஏறக்குறைய 70 சதவீதமாகும், அதாவது 12 ஃப்ரேமில் விழுந்த பந்து பாதி உயரத்துக்கு எழும்ப 8, 9 ஃப்ரேம்தான் எடுக்கும். உயரத்தை மட்டும் குறைத்து நேரத்தை அப்படியே வைத்தால் பந்து நிலாவில் துள்ளுவது போலிருக்கும்.

ஸ்குவாஷ், அதாவது தரையில் பட்டதும் பந்து நசுங்குவது, போடுவதற்கு முன் ஆங்கர் பாயிண்டை (அளவு மாறும்போது அசையாமல் நிற்கும் புள்ளியை) பந்தின் அடிக்கு நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் நசுங்கும்போது பந்து தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். அகலம் 120 சதவீதம் என்றால் உயரம் 83 சதவீதம் பக்கம், அப்போதுதான் பந்தின் அளவு மாறாதது போலத் தெரியும். தரையில் படும் ஓரிரு ஃப்ரேமுக்கு மட்டும் இது போதும், அதற்கு மேல் நீட்டினால் ஜெல்லி.

டைமன்ஷனைப் பிரிக்காமல் வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே மதிப்பில் அடுத்தடுத்து இரண்டு பொசிஷன் கீஃப்ரேம் வைத்து லேயரை நிறுத்தினாலும் அது நடுவில் லேசாக நழுவிவிட்டுத் திரும்பி வரும், ஏனென்றால் நகரும் பாதையையே மென்பொருள் வளைத்துவிடுகிறது. முதல் கீஃப்ரேமை ஹோல்ட் (அடுத்த கீஃப்ரேம் வரை மதிப்பை மாற்றாமல் நிறுத்திவைப்பது) ஆக்கினால் சரியாகிவிடும், அல்லது பிரிஃபரன்ஸில் டிஃபால்ட் ஸ்பேஷியல் இன்டர்போலேஷனை (நகரும் பாதையை நிரப்பும் விதத்தை) லீனியர், அதாவது நேர்க்கோடு, என்று டிக் செய்துவிட்டால் இனி வைக்கும் கீஃப்ரேம்களில் இந்தப் பிரச்சினையே வராது.