டிரெஸ்டனில் முதல் சனிக்கிழமை

அப்பா கொத்தனார். கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாலும் அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். மூலை நேராக நிற்கிறதா, கல் வரிசை அலைபாயாமல் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கட்டுமானப் பொறியியல் படித்ததும், மேற்படிப்புக்கு 2024 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வந்து சேர்ந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வந்த முதல் வாரம் முழுக்கக் காகித வேலையிலேயே போனது. ஊர் என்று ஒன்றை நான் பார்த்தது சனிக்கிழமைதான். ஈரோட்டு அக்கா இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் முன்னால் நடக்க, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவன், கொலம்பியாவிலிருந்து வந்த வகுப்புத் தோழி, நான் என்று மூவரும் பின்னால்.

"முதல்ல சட்டி வாங்கலாம், அப்புறம் ஊர் பாக்கலாம்" என்றார் அக்கா. எல்பே ஆற்றங்கரையில், ஆல்பர்ட் பாலத்துப் பக்கம் சனிக்கிழமைகளில் பழைய பொருள் சந்தை கூடும். கம்பளிக் கோட்டு, கடிகாரம், கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பீங்கான், பூட்டு சாவி என்று தரையில் விரித்து வைத்திருந்தார்கள். ஒரு பாட்டியிடம் நீலப்பூப் போட்ட எனாமல் சட்டி ஒன்று. சாம்பாருக்கு அளவாக இருந்தது. நாகர்கோவில்காரன் பேரம் பேசத் தொடங்க, பாட்டி சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்ததோடு ஒரு கரண்டியையும் உள்ளே போட்டுக் கொடுத்தார். அன்று முழுக்க அந்தச் சட்டி எங்களோடு ஊர் சுற்றியது.

ஆல்பர்ட் பாலத்தின் மேல் ஏறி நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. ஆற்றின் கீழ்ப்போக்கில் அடுத்த பாலம் கரோலா பாலம். அதன் ஒரு பகுதி தண்ணீருக்குள் மடிந்து கிடந்தது. செப்டம்பர் 11 அதிகாலை மூன்று மணி வாக்கில் விழுந்தது. அருகருகே தனித்தனியாக ஓடிய மூன்று தளங்களில், டிராமும் நடைபாதையும் போன தளம் அது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். கடைசி டிராம் கடந்து போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவருக்கும் காயமில்லை என்பதை அக்கா இரண்டு முறை சொன்னார். அந்தப் பாலத்தின் மேல்தான் அவர் பல நாள் டிராமில் போய் வந்திருக்கிறார்.

பாலம் திறந்தது 1971இல். முன்னழுத்தக் கான்கிரீட். உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் வெளியே தெரியாமல், கட்டுமானக் காலத்திலேயே தொடங்கிய அரிப்பால் விரிசல் விட்டு, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. இது பிறகு வந்த ஆய்வில் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. வளைந்து கிடந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாடத்தில் படித்த தோல்வி வேறு, கண்முன்னே ஆற்றில் கிடப்பது வேறு.

பாலத்தின் பழைய நகரப் பக்கம் தடுப்பு வேலிகள். அதற்கு அருகிலேயே புதிய யூத வழிபாட்டு இல்லம் இருக்கிறது. ஜன்னலே இல்லாத, பெரிய கனசதுரம். தூரத்திலிருந்து ஏதோ திருகிவிட்டதுபோல் தெரிகிறது. பக்கத்தில் போனால்தான் காரணம் புரியும். மனை கிழக்கு நோக்கி அமையவில்லை. தொழுகையோ கிழக்கு நோக்கி நடக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கல் வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்து, உச்சிக்குப் போகும்போது சுவர் கிழக்கைப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் சுவரில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே முன்பு இருந்த வழிபாட்டு இல்லத்தை 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் எரித்தார்கள். அதன் கூரையிலிருந்த தாவீதின் நட்சத்திரத்தைத் தீயணைப்பு வீரர் ஒருவர் எடுத்து ஒளித்துக் காப்பாற்றினார். அதுதான் இப்போது வாசலுக்கு மேல் இருக்கிறது. புதியது திறந்ததும் நவம்பர் 9ஆம் தேதிதான், 2001இல்.

அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் நொய்மார்க்ட் சதுக்கம். சதுக்கத்தின் நடுவே ஃபிராவன்கிர்ஷே தேவாலயம். படங்களில் பார்த்திருந்தேன். ஆனால் சுவரில் அங்கங்கே கரும்புள்ளி வைத்ததுபோல் கற்கள் இருப்பதைப் படத்தில் நான் கவனித்ததில்லை. வெளிர் மஞ்சள் சுவரில் கறுப்புக் கல் ஒன்று, நாலு வரிசை தள்ளி இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் முழுச் சுவரே கறுப்பு.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எங்களுக்கு மதியம் ஒரு மணி, அவருக்கு மாலை நாலரை. சனிக்கிழமை, கூலி போடும் நேரம். சாரத்தின் கீழே சித்தாள்கள் சுற்றி நிற்க, அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏன் பாப்பா, தீப்பிடிச்ச கல்லா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா திருத்தினார். தீயால் வந்த நிறம் இல்லை. இந்தப் பக்கத்து மணற்கல் காற்றும் மழையும் பட்டுப் பட்டு நாளடைவில் கறுத்துவிடும். கறுப்பெல்லாம் பழைய தேவாலயத்தின் கல், வெளுத்திருப்பதெல்லாம் புதுக்கல். நாளாக ஆகப் புதுக்கல்லும் கறுக்கும்.

கேயோர்க் பேர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1726இல் தொடங்கி 1743இல் முடிந்த தேவாலயம். முடியும் முன்பே அவர் இறந்துவிட்டார். குவிமாடம் முழுக்கக் கல். எடை ஏறக்குறைய 12,000 டன். 1945 பிப்ரவரி 13 இரவில் பிரிட்டிஷ் விமானங்களும் மறுநாள் அமெரிக்க விமானங்களும் ஊரின் மேல் குண்டு போட்டன. இறந்தவர்கள் 25,000 பேர் வரை இருக்கும் என்பது வரலாற்று ஆய்வுக் குழுவின் முடிவு. தேவாலயம் அன்றைக்கு விழவில்லை. உள்ளே பற்றிய தீயின் சூட்டில் எட்டுத் தூண்களும் வலுவிழந்து, 15ஆம் தேதி காலையில்தான் குவிமாடம் இறங்கியது.

"அத்தன சூட்டுல ரெண்டு நாள் நின்னுச்சா?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இடிபாட்டை நாற்பது ஆண்டுக்கு மேல் அப்படியே போரின் நினைவாக விட்டிருந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஊர்க்காரர்கள் சிலர் கூடி உலகத்திடம் உதவி கேட்டார்கள். 1993இல் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, எண் போட்டு, குவியலில் எங்கே கிடந்தது என்பதை வைத்து முன்பு சுவரில் எங்கே இருந்திருக்கும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். இடம் தெரிந்த கற்கள் பழைய இடத்துக்கே போயின. 2005 அக்டோபர் 30இல் மறுபடி திறந்தார்கள்.

"அதே எடத்துலயா?" அப்பா நம்பாமல் கேட்டார். "பழசும் புதுசும் சேர்ற எடத்தக் காட்டு."

கேமராவைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இன்னும் பக்கம், இன்னும் பக்கம் என்றார். கடைசியில் திரை முழுக்க ஒரு கறுப்புக் கல்லின் ஓரமும் மெல்லிய இணைப்புக் கோடும்தான்.

"கை தேர்ந்தவன் வச்ச கல்லு பாப்பா" என்றவர், சித்தாளைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார்.

உள்ளே இருட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமுமாக ஒரே வெளிச்சம். பீடத்தை ஏறக்குறைய 2,000 துண்டுகளிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய சிலுவை நெளிந்தபடியே ஓர் ஓரத்தில் நிற்கிறது. மேலே பொன்னிறத்தில் மின்னும் புதுச் சிலுவை லண்டனில் செய்தது. செய்த பொற்கொல்லரின் தந்தை, இந்த ஊரின் மேல் குண்டு போடப் போன விமானிகளில் ஒருவர். கொலம்பியத் தோழி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் எனக்கு அந்த மனம் வரவில்லை. முகப்பு மட்டும் பழைய பாணியில், உள்ளே புதுக் கட்டடமாக இருப்பவைதான் அதிகம். பார்க்க அழகு. ஆனால் தேவாலயச் சுவர் தன் வயதை ஒளிக்காமல் நிற்கிறது, அவை ஒளிக்கின்றன.

பிறகு அரசர்களின் ஊர்வலத்தைப் பீங்கானில் தீட்டிய நூறு மீட்டர்ச் சுவர், ஓபரா மாளிகை என்று வேகமாகப் பார்த்தோம். ஒரு கடையில் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்த்த இந்த ஊர்க் கேக்கைச் சாப்பிட்டோம். அதன் பெயர் 'ஐயர்ஷெக்கே'. பெயரைக் கேட்டதும் நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பை அந்தத் தோழிக்கு விளக்கவே ஒரு காப்பி நேரம் ஆனது. இருட்டும் வேளையில் அவுகுஸ்டுஸ் பாலத்தைக் கடந்து, எதிர்க்கரைப் புல்வெளியில் உட்கார்ந்தோம். கோபுரங்களும் குவிமாடமும் ஆற்றில் விழுந்து அசைந்தன.

விடுதிக்கு வந்து சட்டியைக் கழுவி வைத்த பிறகு போனைப் பார்த்தேன். அப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் இப்போது வேலை பார்க்கும் வீட்டின் பழைய கருங்கல் சுவரில், புதுக்கல் சேர்ந்த இடம். ரசமட்டத்தை மேலே வைத்து எடுத்திருந்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.