துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

ட்ராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுட்டுவிட்டு வீடு திரும்பியதும் பலர் குழலுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள், உறையில் போடுகிறார்கள், அலமாரியில் குழல்வாய் மேலே பார்க்க நிறுத்திவிடுகிறார்கள். மூன்றுமே தப்பு. வழிகிற எண்ணெய் மெல்ல இறங்கி, இரும்பும் கட்டையும் சேரும் இடத்தில் ஊறுகிறது. வால்நட் மரம் அங்கே கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு உதைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும்.

இங்கே சொல்வது 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) மேல்-கீழ் இரட்டைக்குழலுக்கு. பக்கவாட்டு இரட்டைக்குழலுக்கும் ஏறக்குறைய இதேதான்.

முதலில் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்தெடுங்கள். குழல்வாயில் திருகியிருக்கும், குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் சோக் குழாய்களைக் கழற்றித் தனியே வையுங்கள்.

கரியைக் கரைக்கும் சால்வென்ட்டை எடுக்குமுன் டிஷ்யூ தாளைக் கசக்கி உருட்டி, தோட்டா அறைப் பக்கமிருந்து கம்பியால் தள்ளுங்கள். கரியில் பாதி அதிலேயே வந்துவிடும். பிறகு சால்வென்ட் நனைத்த துணி ஒரு தரம், பத்து நிமிடப் பொறுமை, 12 போர் வெண்கலப் பிரஷ் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. பிரஷை நடுவில் திருப்பாமல் முழுக்க வெளியே தள்ளிவிட்டு இழுங்கள்.

இப்போது குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அறையைத் தாண்டிக் குழல் குறுகும் இடத்திலும் சோக் பக்கத்திலும் மங்கலான சாம்பல் கோடுகள் தெரிந்தால் அது ஈயம், அல்லது தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு (வாட்) உரசி ஒட்டியது. துணிக்கு அசையாது, பிரஷ்தான் வேண்டும். கடைசியில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் தொட்ட துணி, ஒரே ஒரு தரம். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லியது போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், குளிர்ந்தால் உறைந்துவிடும்.

சோக் மரையில் அரிசி மணி அளவு காப்பர் கிரீஸ். விட்டுவிட்டால் இறுகிக்கொள்ளும், பிறகு பட்டறைக்குத்தான் போகவேண்டும். சோக் இல்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள், மரை போய்விடும்.

அதிகம் பேர் கவனிக்காத இடம், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் அடிப்பக்கம். எரியாத வெடிமருந்துத் துகள் அங்கே பதுங்கினால் துப்பாக்கி மூட முரண்டு பிடிக்கும். பழைய டூத்பிரஷ் போதும். கீல் பகுதியில் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புதிது வைக்கவேண்டும். மைதானத்துத் தூசி கலந்த கிரீஸ், மெக்கானிக் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி இரும்பைத் தின்னும். தோட்டாவை இடிக்கும் ஊசி வரும் துளைகளுக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது பிசினாகி, ஊசி மெதுவாக இடித்து, தோட்டா வெடிக்காமல் போகும். உள் இயந்திரத்தைத் திறப்பது துப்பாக்கி ஆசாரியின் வேலை. வீட்டு ஸ்குரூ டிரைவரால் திருகின் தலையைக் கிழித்துவைத்தால் அவருக்குத்தான் தலைவலி.

நனைந்து வந்ததா? குழல் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டையான ரிப்பின் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். துடைத்து, மிதமான சூட்டில் ஹேர் டிரையர் காட்டி, மறுநாளும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கைரேகை பட்ட இடம்கூட ஓரிரு நாளில் துருப்பிடிக்கும். ஆகவே கடைசியாக ஒருமுறை வெளிப்புறம் முழுக்க எண்ணெய்த் துணி. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கையால் தேய்த்தால் போதும். உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். துப்பாக்கியைத் தனியே, குழல்வாய் கீழே இருக்கும்படி பூட்டி வையுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் விஷம்.

அடுத்த தடவை சுடுமுன் காய்ந்த துணியால் குழலையும் அறையையும் துடையுங்கள். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டா சுவரைப் பிடிக்காமல் பின்பக்கம் கூடுதலாக இடிக்கும். துடைத்தபின் குழலின் ஊடே ஒரு பார்வை. மறந்துபோன துணி இருக்கலாம், அல்லது பையில் கலந்துபோன, 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா. அது 12 போர் அறைக்குள் வழுக்கிப்போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். காலி அறை என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது அதற்காகத்தான்.