எலியாஸ் ஹிக்ஸும் இரண்டாகப் போன குவேக்கர்களும்

எலியாஸ் ஹிக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இறையியலில் தொடங்கி இறையியலிலேயே முடித்துவிடுகிறார்கள். வேதாகமம் பெரிதா, மனிதனுக்குள் இருக்கும் கடவுளின் ஒளியான உள்ளொளி பெரிதா, இயேசுவின் இரத்தம்தான் பாவத்தைப் போக்குகிறதா என்ற வாதம் 1827-ல் அமெரிக்காவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவை உடைத்தது என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி பருத்தியிலும் சர்க்கரையிலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹிக்ஸ் 1748-ல் லாங் ஐலண்டில் பிறந்தவர். தச்சு வேலை கற்றார், கல்யாணத்துக்கு அப்புறம் ஜெரிக்கோ என்ற ஊரில் மனைவி வீட்டு நிலத்தில் விவசாயம் பார்த்தார். குவேக்கர்களிடம் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு உள்ளே ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார். ஹிக்ஸ் எழுந்தால் கூட்டம் அசையாமல் கேட்டது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியில் நடந்தது வெளியே நடந்தது, உன்னை மாற்றுவது அந்த ஒளிக்கு நீ கீழ்ப்படிவதுதான் என்று பேசினார். பைபிளை அவர் ஒதுக்கவில்லை, வரிக்கு வரி மேற்கோள் காட்டியவர்தான். ஆனால் அதை எழுதவைத்த ஆவி எழுத்தைவிட மேலானது என்றார்.

இவரை இன்றைய முற்போக்காளர்போல நினைத்துவிட வேண்டாம். ஈரி கால்வாய் வெட்டுவதையே எதிர்த்தவர். தேவை என்றால் கடவுளே அங்கே ஆறு விட்டிருப்பார் என்பது அவர் வாதம். பழைய எளிமையை விடாத கிராமத்து மனிதர். அந்தப் பிடிவாதம்தான் அடிமை விஷயத்திலும் வந்தது. அடிமைகளை வைத்திருப்பது மட்டுமல்ல, அவர்கள் விளைவித்த பருத்தியை உடுத்துவதும் சர்க்கரையைத் தின்பதும் திருட்டுப் பொருளை வாங்குவதுதான் என்று 1811-ல் எழுதி வெளியிட்டார். 1830-ல் பக்கவாதம் வந்து பேச்சு போய்ப் படுத்திருந்தபோது யாரோ பருத்திப் போர்வையைப் போர்த்த, அதைத் தள்ளிவிட்டார். கம்பளியை மாற்றிப் போட்டதும்தான் அமைதியானார் என்று பதிவாகியிருக்கிறது.

இப்படிப்பட்டவர் பிலடெல்பியாவின் பணக்கார வியாபாரிகள் நடுவே எழுந்து நின்று பேசினால் என்ன ஆகும்? 1819-ல் பைன் தெரு கூட்டத்தில் பேசிவிட்டு, பெண்கள் பகுதியிலும் பேச அனுமதி கேட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ஜோனதன் எவன்ஸ் என்ற மூப்பர், அதாவது போதனையைக் கண்காணிப்பவர்களில் ஒருவர், ஆண்கள் கூட்டத்தைக் கலைக்கச் சொன்னார், கலைத்தும் விட்டார்கள். வெளியாருக்கு இது சின்ன விஷயம். பேசப் போனவருக்காகக் காத்திருப்பதை மரியாதையாக வைத்திருந்த சமூகத்தில் அது முகத்தில் அறைந்த மாதிரி.

மூப்பர்களின் பயம் வெறும் பயமல்ல, அதையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் தன் ஒளியே பெரிது என்றால் தப்பானவனைத் திருத்துவது யார்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடாமல் அதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள், அங்கேதான் எனக்கு அவர்கள் மேல் கோபம் வருகிறது. குவேக்கர்களிடம் ஓட்டெடுப்பு இல்லை. கூட்டத்தை நடத்தும் எழுத்தர், அதன் மனம் இன்னது என்று உணர்ந்து எழுதுவதே தீர்மானம். ஆகவே எழுத்தர் நாற்காலியில் யார் என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 1827 ஏப்ரலில் ஆர்ச் தெருவில் கூடிய வருடாந்திரக் கூட்டத்தில் அந்த நாற்காலி, மூப்பர்கள் பக்கம் நின்று ஹிக்ஸை எதிர்த்த ஆர்த்தடாக்ஸ் தரப்பிடமே நின்றது. எண்ணிக்கையில் அதிகமாக இருந்த ஹிக்ஸ் தரப்பு ஜான் கோம்லியின் தலைமையில் கிரீன் தெருவில் தனியாகக் கூடியது. மறு வருடம் நியூயார்க், பால்டிமோர், ஒஹாயோ, இந்தியானா என்று விரிசல் பரவியது. ஒஹாயோவின் மவுண்ட் பிளெசன்டில் தள்ளுமுள்ளில் எழுத்தரின் மேசை உடைந்தது. சண்டையே கூடாது என்றவர்கள் இவர்கள்! பள்ளிக்கூட நிதி யாருக்கு என்று நியூஜெர்சியில் நீதிமன்றம் வரை போய், 1832-ல் ஆர்த்தடாக்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது. பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இரு தரப்பும் மறுபடி ஒன்றாக 1955 ஆனது.

ஹிக்ஸ் தரப்பில் எனக்கு மனசு இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர்களை மன்னிக்க முடியவில்லை. ஐசக் ஹாப்பர் என்ற தையல்காரர், ஓடிவந்த அடிமைகளைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருந்தவர், பிளவில் ஹிக்ஸ் பக்கம் நின்று அப்புறம் நியூயார்க்கில் அந்தத் தரப்பின் நூல்களை விற்கும் கடையும் நடத்தியவர். அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றோடு தொடர்பு வைத்திருந்ததற்காக, ஹிக்ஸ் இறந்து பதினோரு வருடத்தில், 1841-ல், அவரையும் அவர் மருமகன் ஜேம்ஸ் கிப்பன்ஸையும் நீக்கிவிட முடிவெடுத்தது அதே ஹிக்ஸைட் கூட்டம்தான்.